எதைச் சொல்லித் தருவது, எதை விளையாட்டுக்கு விடுவது? – மழலையர் கல்வி: வாசகர் கேள்வி-பதில்

மூன்று வயது முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தைகளை எவ்வளவு விளையாட விடுவது, எவ்வளவு நேரம் உட்கார வைத்துச் சொல்லித் தருவது என்ற கவலையோடு பெற்றோரும் ஆசிரியர்களும் தொடர்ந்து எழுதி வருகிறார்கள். அந்தக் கடிதங்களில் சிலவற்றைத் தேர்ந்தெடுத்து இம்மாதம் விடை எழுதுகிறேன்.

என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள், நான்கு வயது முடிந்துவிட்டது. அவள் பள்ளியில் வீட்டுப்பாடமே கிடையாது. பாட்டு, கதை, மண், தண்ணீர், மரக்கட்டைகள் என்று பொழுது போகிறது. எதிர்வீட்டுப் பையன் வேறு பள்ளியில் இதே வகுப்பில் ஒன்று முதல் நூறு வரை எழுதுகிறான். பள்ளியை மாற்றிவிடலாம் என்கிறார் என் மாமியார். நான் என்ன செய்யட்டும்?
– ஒரு தாய், ஈரோடு

முடிவெடுப்பதற்கு முன் வீட்டிலேயே ஒன்றைச் செய்து பாருங்கள். உங்கள் மகளிடம், "கூடையிலிருந்து ஏழு சின்ன வெங்காயம் எடுத்து வா" என்று சொல்லுங்கள். அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுகிறாளா, எண்ணியதையே மீண்டும் எண்ணுகிறாளா, ஏழு வந்ததும் நிறுத்துகிறாளா என்பதைக் கவனியுங்கள். பிறகு அவற்றைத் தட்டில் பரப்பி வைத்து, "இப்போது எத்தனை இருக்கிறது?" என்று கேளுங்கள். பரப்பி வைத்தாலும் ஏழுதான் என்று எண்ணாமலே சொல்லும் குழந்தைக்கு எண்ணின் பொருள் கைவந்துவிட்டது. எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது ஒரு திறன். ஒரு பொருளுக்கு ஓர் எண் என்று பொருத்துவது இன்னொன்று. கடைசியில் சொன்ன எண்ணே மொத்தத்தைக் குறிக்கிறது என்று உணர்வது மூன்றாவது. நோட்டில் நூறு வரை எழுதும் பயிற்சி இவற்றுள் முதலாவதை மட்டுமே தொடுகிறது. நூறு வரை பிழையில்லாமல் எழுதும் குழந்தைகள் சிலர், ஏழு வெங்காயம் கேட்டால் கை கொள்ளும் மட்டும் அள்ளிக்கொண்டு வருவதை எந்த மழலையர் வகுப்பிலும் காணலாம்.

அதற்காக, வீட்டுப்பாடம் இல்லாத பள்ளியெல்லாம் நல்ல பள்ளி என்றும் சொல்லிவிட மாட்டேன். குழந்தைகள் விளையாடும்போது ஆசிரியை என்ன செய்கிறார் என்று நேரில் சென்று பாருங்கள். தண்ணீர்த் தொட்டியருகே அமர்ந்து, "இந்த டம்ளரால் எத்தனை முறை ஊற்றினால் அந்தச் சொம்பு நிறையும் என்று நினைக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு, குழந்தை ஊற்றிப் பார்த்து விடை சொல்லும்வரை அவர் காத்திருந்தால், அங்கே கல்வி நடக்கிறது. அவர் மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருக்க, குழந்தைகள் தங்கள் போக்கில் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தால், அது குழந்தைகளுக்கு மகிழ்ச்சியான பொழுதாக இருக்கலாம். நீங்கள் கட்டணம் செலுத்தும் கல்வி அதில் குறைவு.

எழுத்து, வாசிப்பு பற்றிய அச்சத்துக்கு நியூசிலாந்து ஆய்வு ஒன்று ஆறுதல் தரும். ஐந்து வயதில் வாசிக்கத் தொடங்கிய குழந்தைகளையும் ஏழு வயதில் தொடங்கிய குழந்தைகளையும் அங்கே ஒப்பிட்டுப் பார்த்தபோது, பதினோரு வயதளவில் பிந்தியவர்கள் முந்தியவர்களை எட்டிவிட்டிருந்தார்கள். ஆனால் தாமதமாகத் தொடங்கிய பள்ளிகளில் கதையும் பாட்டும் பேச்சும் நிறைந்திருந்தன என்பதைச் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும். எனவே நாள்தோறும் படுக்கும் முன் ஒரு கதை வாசித்துக் காட்டுங்கள், சமைக்கும்போது "‘ம’வில் தொடங்கும் சாமான் எது?" என்று கேட்டு விளையாடுங்கள். அவளாகவே ஓர் எழுத்தைக் காட்டி என்னவென்று கேட்டால் உடனே சொல்லிக் கொடுங்கள். விளையாட்டு வழியில் வளர்ப்பது என்றால் கேட்ட குழந்தைக்கு விடையை மறைப்பது என்று பொருளில்லை. பள்ளியை மாற்றுவதை, அந்த வகுப்பறையை ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

விளையாட்டு வழிக் கல்வி, நேரடியாகச் சொல்லித் தருதல் இவ்விரண்டில் எது சிறந்தது என்று ஆராய்ச்சிகள் உறுதியாகக் கூறுகின்றனவா? ஒவ்வொருவரும் தமக்குச் சாதகமான ஆய்வையே காட்டுகிறார்கள்.
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

இரு தரப்பாரும் காட்டுவதற்கு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

அமெரிக்காவில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், மழலையருக்குக் குழாய்களால் ஆன புதிய பொம்மை ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று ஒலிக்கும். இன்னோரிடத்தில் விளக்கு எரியும். வேறோரிடத்தில் இசை வரும். ஒரு குழாய்க்குள் கண்ணாடி ஒளிந்திருக்கும். சில குழந்தைகளுக்கு, "இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும்" என்று சொல்லிக் கீச்சொலியை மட்டும் இயக்கிக் காட்டினார்கள். மற்றவர்களிடம் அப்படிச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரப்பட்ட குழந்தைகள் அந்த ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டு விரைவில் பொம்மையைக் கீழே வைத்தார்கள். மற்றவர்கள் அதிக நேரம் விளையாடி, மறைந்திருந்த பிற இயக்கங்களையும் கூடுதலாகக் கண்டுபிடித்தார்கள். பெரியவர் ஒன்றைச் சொல்லித் தந்தால், அறிய வேண்டியது அவ்வளவே என்று குழந்தை முடிவு கட்டிவிடுகிறது.

இதற்கு எதிர்த்திசையில், 1968 முதல் பல ஆண்டுகள் அமெரிக்காவின் ஏழைக் குழந்தைகளிடையே நடந்த ‘ஃபாலோ த்ரூ’ என்னும் பெருந்திட்டம் இருக்கிறது. மழலையர் வகுப்பு முதல் மூன்றாம் வகுப்பு வரை பல கற்பித்தல் முறைகளை ஒப்பிட்ட அத்திட்டத்தின் முடிவுகள் 1977-இல் வெளியானபோது, படிப்படியாக, நேரடியாகச் சொல்லித் தந்த முறையே அடிப்படை வாசிப்பிலும் கணக்கிலும் முன்னணியில் நின்றது. தன்னம்பிக்கையை அளந்த தேர்வுகளிலும் அக்குழந்தைகள் பின்தங்கிவிடவில்லை. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் உண்டு: வெவ்வேறு முறைகளுக்கு இடையே இருந்த வேறுபாட்டைக் காட்டிலும், ஒரே முறையைப் பின்பற்றிய வெவ்வேறு ஊர்களுக்கு இடையே இருந்த வேறுபாடு பெரிதாக இருந்தது. முறையை நடைமுறைப்படுத்தும் ஆசிரியரும் சூழலும் அவ்வளவு முக்கியம்.

2022-இல் 39 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஓர் அலசல், பெரியவர் உடனிருந்து வழிகாட்டும் விளையாட்டு, தொடக்கநிலைக் கணக்கு, வடிவங்கள் பற்றிய அறிவு போன்றவற்றில் நேரடிக் கற்பித்தலைவிட நன்மை தருவதாகக் கண்டது. அது குழந்தையைத் தன்போக்கில் விட்டுவிடும் விளையாட்டு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கே ஒரு நோக்கத்தோடு பொருள்களைத் தேர்ந்து வைத்து, தக்க நேரத்தில் ஒரு கேள்வி கேட்கும் பெரியவர் இருக்கிறார்.

இவை ஒன்றோடொன்று மோதுவதாக எனக்குத் தோன்றவில்லை. கற்கும் பொருள் வேறுபடுகிறது. ‘அ’ என்ற வடிவத்துக்கு இந்த ஒலி என்பது மனிதர்கள் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடு; எந்தக் குழந்தையும் எவ்வளவு விளையாடினாலும் அதைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது, ஒருவர் சொல்லியே ஆக வேண்டும். மூன்றும் இரண்டும் ஐந்து என்பதோ, கனமான கட்டையை அடியில் வைத்தால்தான் கோபுரம் நிற்கும் என்பதோ அப்படிப்பட்டதில்லை. குழந்தை தன் கையால் செய்து அறியக்கூடியது அது. நாளின் பாதி நேரம் இதற்கு, பாதி நேரம் அதற்கு என்று கடிகாரத்தை வைத்துப் பங்கிடுவதைவிட, கற்க வேண்டியது எந்த வகையைச் சேர்ந்தது என்று பார்த்துப் பிரிப்பதே சரியான வழி என்பது என் உறுதியான கருத்து.

அங்கன்வாடிப் பணியாளராக இருக்கிறேன். ஆட்டமும் பாட்டும் கதையுமாக அமைந்த பாடத்திட்டத்தைத்தான் பின்பற்றுகிறேன். "ஒன்றுமே சொல்லித் தருவதில்லை" என்று கூறிப் பெற்றோர் பிள்ளைகளைத் தனியார் மழலையர் பள்ளிக்கு அழைத்துச் சென்றுவிடுகிறார்கள். என்ன விடை சொல்வது?
– ஓர் அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம் மாவட்டம்

உங்கள் வருத்தம் நியாயமானது. நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை 2019-இல் தமிழக அரசு தொடங்கியதற்கே, பெற்றோரின் இந்த விருப்பம் ஒரு முக்கியக் காரணம். ஆகவே அதை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. தம் பிள்ளை தம்மைவிட மேலாக வாழ வேண்டும் என்று நினைக்கும் ஏழைப் பெற்றோருக்கு நோட்டில் தெரியும் எழுத்தே கண்ணுக்குத் தெரியும் சான்று. நீங்கள் செய்வது அவர்கள் கண்ணுக்குத் தெரியும்படி ஆக வேண்டும்.

வடிவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளை மூன்று பிரிவாக்கி முக்கோணம், செவ்வகம் போன்றவற்றைக் கற்பித்த ஓர் ஆய்வு 2013-இல் வெளியானது. ஒரு பிரிவுக்கு ஆசிரியரே விளக்கிச் சொன்னார். ஒரு பிரிவு அந்த அட்டைகளோடு தன்விருப்பமாக விளையாடியது. இன்னொரு பிரிவில், "இவையெல்லாம் முக்கோணம் என்பதன் இரகசியத்தைத் துப்பறிந்து சொல்லுங்கள்" என்று குழந்தைகளைத் தூண்டி, பக்கங்களைத் தொட்டு எண்ண வைத்து, கேள்விகளால் வழிநடத்தினார்கள். தலைகீழாக நிற்கும் முக்கோணத்தையும், ஒட்டி உலர்ந்த ஒல்லி முக்கோணத்தையும் முக்கோணம்தான் என்று மிகுதியாக அடையாளம் கண்டவர்கள் மூன்றாம் பிரிவினரே. ஒரு வாரம் கழித்தும் அது அவர்களுக்கு மறக்கவில்லை. தன்விருப்பமாக விளையாடியவர்கள் கடைசியில் நின்றார்கள்.

இதை உங்கள் மையத்தில் செய்ய அட்டையும் கத்தரிக்கோலும் போதும். மாதம் ஒரு நாள் தாய்மார்களை வரவழைத்து, அவர்கள் கண்ணெதிரே குழந்தைகளிடம் அட்டைகளைக் கொடுத்து, "இது ஏன் முக்கோணம் இல்லை?" என்று கேளுங்கள். "இந்தப் பக்கம் வளைஞ்சிருக்கு" என்று ஒரு நான்கு வயதுப் பிள்ளை காரணம் சொல்வதைத் தாய் கேட்கட்டும்.

சத்துமாவு, எடை பார்த்தல், பதிவேடுகள் என்று உங்கள் மீது விழும் வேலைச் சுமைக்கு நடுவே, இரண்டு வயது முதல் ஐந்து வயது வரை கலந்திருக்கும் குழந்தைகள் எல்லாரோடும் இப்படி உட்கார முடியாது என்பதை நான் அறிவேன். பெரிய குழந்தைகள் ஐந்தாறு பேரை மட்டும் பத்து நிமிடம் தனியே அமர்த்திக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் உதவியாளர் சிறியவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்ற நேரத்தில் சொப்புச் சாமான் மூலையிலோ கட்டைகள் மூலையிலோ ஏதாவது ஓரிடத்தில் நீங்களும் சேர்ந்து உட்காருங்கள். எல்லா மூலைக்கும் ஒரே நாளில் ஓட வேண்டியதில்லை.

அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு எடுக்கிறேன். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டப்படி பாடலும் விளையாட்டுமாகக் கற்பிக்கிறேன்; குழந்தைகள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள். ஆனால் ஆண்டு முடியும் தறுவாயிலும் சிலருக்கு உயிர்மெய் எழுத்துகள் பிடிபடவில்லை. கரும்பலகையில் எழுதிப் போட்டு நேரடியாகச் சொல்லிக் கொடுத்தால் அது தவறாகிவிடுமா?
– ஓர் ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

தவறாகாது, செய்தே ஆக வேண்டும். சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் செயல்வழிக் கற்றல் தொடங்கிய காலத்திலிருந்தே, கரும்பலகையின் முன் நின்று சொல்லித் தருவது பழைமை என்ற ஒரு கூச்சம் ஆசிரியர்களிடம் படிந்துவிட்டது. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022-இல் வந்தபோது குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்ததன் நோக்கமே, யாருக்கு எது தெரியவில்லையோ அதை அவருக்குத் தெளிவாகச் சொல்லித் தர வேண்டும் என்பதுதான்.

முதலில் பாடல்கள் எவ்வளவு தூரம் உதவும் என்று பாருங்கள். எழுத்து அட்டவணையைக் காட்டிப் பாடச் சொன்னால் வகுப்பே கணீரென்று பாடும். ஒரு குழந்தையின் விரலை மட்டும் கவனித்தால், விரல் ‘உ’வின் மேல் இருக்கும்போதே வாய் ‘ஏ’க்குப் போயிருக்கும். அந்தக் குழந்தை பாட்டைக் கற்றிருக்கிறது, எழுத்தைக் கற்கவில்லை. வரிசையைக் கலைத்து ஒவ்வோர் எழுத்தாக, ஒவ்வொரு குழந்தையிடமும் தனியே கேட்டால்தான் உண்மை தெரியும். ஒரு குழந்தைக்கு ஒரு நிமிடம் போதும்.

அடுத்து, நம் எழுத்து முறையில் எது கடினம் என்று பார்க்க வேண்டும். 216 உயிர்மெய்களையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குறியீடுகளைப் புரிந்துகொண்டால் பெரும்பகுதி தானே விளங்கும். ஆனால் அந்தக் குறியீடுகள் குழந்தையைக் குழப்பக்கூடியவை. ‘கெ’ என்பதில் ஒற்றைக்கொம்பு முதலில் கண்ணில் படுகிறது. ஆனால் அதன் ஒலியோ ககர ஒலிக்குப் பிறகே வருகிறது. ‘கொ’வில் குறி இருபுறமும் நிற்கிறது, ஒலி ஒன்றே. உகர, ஊகார வரிசைகளில் கு, சு, து என எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், ‘கார்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சில குழந்தைகள் விழிக்கின்றன. இவற்றில் எதையும் விளையாட்டின் வழியாகக் குழந்தை தானே ஊகித்தறிய வழியில்லை.

ஆகவே ஒரு நாளுக்கு ஒரு குறியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணைக்கால் என்றால், குழந்தைகளுக்கு நன்றாகத் தெரிந்த க, ப, ம, ட என்ற நான்கோடு மட்டும் சேர்த்துக் காட்டுங்கள். பலகையில் ‘படம்’ என்று எழுதிப் படியுங்கள்; பகரத்தின் பக்கத்தில் ஒரு கால் போட்டு ‘பாடம்’ என்று படியுங்கள். ‘மடம்’ மாடமாவதைக் குழந்தைகளே சொல்லட்டும். முதலில் நீங்கள் சொல்ல வேண்டும், பிறகு எல்லாரும் சேர்ந்து சொல்ல வேண்டும், கடைசியில் ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். பிழை நேர்ந்தால் உடனே, கடிந்துகொள்ளாமல், சரியானதைச் சொல்லிவிடுங்கள். பத்துப் பதினைந்து நிமிடத்தில் இது முடிந்துவிடும். அதற்குப் பிறகு விளையாட்டு வரட்டும்: அதே சொற்களை அட்டைகளில் எழுதி ஒளித்து வைத்துத் தேட விடுங்கள், கடை விளையாட்டில் பெயர்ப் பலகை எழுத விடுங்கள். சொல்லித் தந்தது கைப்பழக்கமாக ஊறுவதற்கு விளையாட்டைப்போல் உதவுவது வேறொன்றும் இல்லை. நீங்கள் குறிப்பிடும் குழந்தைகளுக்கு விளையாட்டு கூடுதலாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. விளையாட்டுக்கு முன் வர வேண்டிய அந்தப் பதினைந்து நிமிடம்தான் விடுபட்டிருக்கிறது.

மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். குழந்தையின் சுதந்திரத்துக்காக வாதாடியவர் என்று போற்றப்படும் அவருடைய முறையிலும், எழுத்தைக் கற்பிக்கும் பாடம் முழுக்க நேரடியானது. உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தைக் குழந்தையின் விரலால் தடவ வைத்து, "இது அ" என்று ஆசிரியர் சொல்வார்; பிறகு இரண்டு, மூன்று எழுத்துகளை வைத்து, "அ எது, காட்டு" என்பார்; இறுதியில் ஒன்றைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்பார். வீண் பேச்சு ஒன்றும் இராது. உங்களிடம் உள்ள குழந்தைகளுக்கு நாளைக்கே இதைத் தொடங்கலாம்.

விஜயதசமியன்று ஏடு தொடக்கியாயிற்று, இனிக் கொப்பியில் எழுதப் பழக்குங்கள் என்று முன்பள்ளிப் பெற்றோர் வற்புறுத்துகிறார்கள். பிள்ளைகளுக்கு மூன்றரை வயதுதான். எவ்வாறு விளக்குவது?
– ஒரு முன்பள்ளி ஆசிரியை, யாழ்ப்பாணம்

ஏடு தொடக்குதல் கல்வியை மதித்துப் போற்றும் அழகான சடங்கு. அன்று பிள்ளையின் விரலைப் பெரியவர்தான் பிடித்து அரிசியில் எழுதுகிறார் என்பதைப் பெற்றோருக்கு நினைவூட்டுங்கள். அந்த விரல்கள் தாமாகப் பென்சிலை ஆளும் வலிமை பெறுவதற்குக் களிமண் பிசைதல், மணி கோத்தல், தாளைக் கிழித்து ஒட்டுதல், தரையில் வெண்கட்டியால் பெரிய பெரிய சுழிகளும் வளைவுகளும் வரைதல் ஆகியவை வேண்டும். நம் எழுத்துகளில் சுழியும் வளைவும் மிகுதியாதலால் இப்பயிற்சி வீணாவதே இல்லை. எழுத்தின் பெயரையும் ஒலியையும் இப்போதே சொல்லித் தரலாம். கொப்பியில் கோட்டுக்குள் எழுதுவது ஐந்து வயதை நெருங்கும்போது தொடங்கினால் போதும்.

பேரனுக்கு ஆறு வயது. விடுமுறையில் பல்லாங்குழியும் பரமபதமும் ஆடுகிறோம். அந்த நேரத்தில் கணக்குப் போட வைத்தால் பயன்படும் என்கிறாள் என் மகள். இந்த ஆட்டங்களால் படிப்புக்கு ஏதேனும் நன்மை உண்டா?
– ஒரு தாத்தா, மதுரை

உண்டு ஐயா, எப்படி ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தே அந்த நன்மை அமைகிறது. அமெரிக்காவில் வசதி குறைந்த குடும்பங்களின் மழலையரோடு, ஒன்று முதல் பத்து வரை எண்கள் நேர்வரிசையில் எழுதிய பலகையில் காய் நகர்த்தும் எளிய ஆட்டம் ஒன்றை ஆய்வாளர்கள் ஆடினார்கள். இரண்டு வாரத்தில் நான்கே அமர்வுகள். ஒவ்வொன்றும் கால் மணி நேரம் அளவில்தான். எது பெரிய எண், எந்த எண் எங்கே வரும் என்பதில் அக்குழந்தைகள் முன்னேறினார்கள். ஒன்பது வாரம் கழித்தும் அது நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதிலாக வண்ணங்கள் தீட்டிய பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பயன் கிட்டவில்லை.

பரமபதத்தைப்போல் நூறு கட்டம் கொண்ட பலகையை வைத்து 2014-இல் வெளியான ஆய்வு உங்களுக்கு இன்னும் பயன்படும். காய் 27-இல் இருக்கிறது, நான்கு விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு" என்று எண்ணி நகர்த்திய குழந்தைகளைவிட, "இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது, முப்பத்தொன்று" என்று கட்டத்தின் எண்ணைச் சொல்லி நகர்த்திய குழந்தைகளே எண்ணறிவில் முன்னேறினார்கள். பேரனோடு ஆடும்போது நீங்கள் முதலில் அப்படிச் சொல்லி நகர்த்துங்கள். ஓரிரு ஆட்டத்துக்குள் அவனும் பற்றிக்கொள்வான். எண் தடுமாறினால் சொல்லிக் கொடுத்துவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.

பல்லாங்குழியில், ஒரு குழியின் சோழிகளை அள்ளுவதற்கு முன், "இதை எடுத்தால் கடைசிச் சோழி எந்தக் குழியில் விழும்?" என்று ஒருமுறை கேளுங்கள். எண்ணிப் பார்த்துச் சொல்லட்டும். பிறகு போட்டுச் சரிபார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் கேட்டால் ஆட்டம் தேர்வாகிவிடும், பிள்ளைக்கு அலுத்துப்போகும். ஆட்டத்துக்கு நடுவில் நோட்டை எடுத்துக் கணக்குப் போட வைக்க வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லுங்கள். கூட்டல், கழித்தலை எழுதிப் பழகுவதற்குக் காலையில் வேறு நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.